எல்லப்பனின் பலகைக்கு உரிய இரண்டாம் பரிசு

அனுப்புநர்:
செல்வி தா. மார்கரெட், எம்.எஸ்ஸி.,
கணித விரிவுரையாளர்,
பழவேற்காடு, பொன்னேரி வட்டம்,
செங்கற்பட்டு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்,
பொன்னேரி.

பொருள்: ஏரிக்கரை மனமகிழ் மன்றத்தின் ரம்மிப் போட்டியில், கடலுக்குச் சென்று திரும்பாத எல்லப்பன் என்பவருக்குக் கிடைத்த இரண்டாம் பரிசை அவர் மனைவிக்கு வழங்க மறுப்பது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

ஆள் இல்லாத இடத்தில் கவிழ்த்துப் போட்ட பதின்மூன்று சீட்டுகளை எடுத்து அடுக்கி வைத்தது யார்? எனக்குத் தெரியவில்லை. இம்மனுவின் கோரிக்கைக்கும் அக்கேள்விக்கும் தொடர்பில்லை. ஆனால் அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் தங்களிடம் பாதி உண்மையைச் சொன்னவளாவேன் என்பதால் உரிய இடத்தில் அதையும் எழுதுகிறேன்.

1. புயல் கொடி ஏறி, படகுகள் கரையில் கிடக்கும் கார்த்திகை நாட்களில் மன்றத்தார் ஆண்டுதோறும் இப்போட்டியை நடத்துகின்றனர். சீட்டாட்டத்தில் எனக்கு விருப்பம் இல்லை. சென்ற ஆண்டு புள்ளிக் கணக்கில் கைகலப்பு ஏற்பட்டதால், எந்தக் குப்பத்தையும் சேராதவள் என்ற ஒரே காரணத்துக்காக இம்முறை கணக்கெழுத என்னை அழைத்தனர், சம்மதித்தேன்.

2. பரிசுப் பங்கீடு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. நுழைவுக் கட்டணமாகச் சேர்ந்த தொகையில் பாதி முதலிடத்துக்கு. எஞ்சியதில் இரண்டு பங்கு இரண்டாமவருக்கு, ஒரு பங்கு மூன்றாமவருக்கு. நான்காமவருக்கு ஒன்றும் இல்லை, தேநீர் தவிர.

3. இவ்வூருக்கே உரிய விதி ஒன்று உண்டு. கட்டணம் கட்டியவரின் இடம் காலியாவதில்லை. கூட்டு வலையில் சேர்ந்தவன் காய்ச்சலில் படுத்தாலும் அவனுக்குப் பங்கு உண்டென்பது இங்குள்ள மீனவர் வழக்கம். அதையே சீட்டுக்கும் கொண்டுவந்திருக்கின்றனர். வராதவர் உட்காரும் மரப்பலகை போட்டபடியே இருக்கும். அவருக்கும் சீட்டுப் போடப்படும். யாரும் அதைத் தொடமாட்டார்கள். அவர் ஆடாமல் விட்டதாகக் கொண்டு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இருபது புள்ளி ஏறும். இருநூற்றொன்றைத் தாண்டினால் வெளியேறுவார்.

4. எல்லப்பன் முதல் நாள் ஆடி வென்றார். மறுநாள் விடியலில் காற்று சற்றுத் தணிந்ததும், முகத்துவாரத்துக்கு வெளியே விட்டிருந்த வலையை எடுக்கச் சென்றார். அவருடைய கட்டுமரம் காட்டுப்பள்ளிக் கரையில் ஒதுங்கியது. அவர் வரவில்லை. விதிப்படி அவர் பலகைக்குச் சீட்டுப் போட்டுக்கொண்டே இருந்தோம்.

5. அந்தப் பலகை இறுதிச் சுற்று வரை வந்தது பலருக்கு அச்சம் தந்தது. எனக்கு இல்லை. கெட்ட கையோடு பிடிவாதமாக ஆடுபவர் ஒரே ஆட்டத்தில் எண்பது புள்ளி வாங்குகிறார். ஆடாதவருக்கு எப்போதும் இருபதுதான். பொறுமையற்றவர்கள் நடுவே வராதவர் நிலைத்து நிற்பது வெறும் கணக்கு. மன்றச் செயலாளர் திரு மூர்த்தி மூன்றாமிடத்தோடு வெளியேறினார். கயிற்றுக்கடை ஜனாப் முகம்மது இஸ்மாயிலும் எல்லப்பனின் பலகையும் எஞ்சினர். அடுத்த ஆட்டத்தில் பலகையின் புள்ளி வரம்பைத் தாண்டியது. இஸ்மாயில் முதலிடம், எல்லப்பன் இரண்டாமிடம் என்று எழுதினேன்.

6. அதன்பின் பலகையின் முன்னிருந்த சீட்டுகளைச் சேர்க்கக் குனிந்தேன். குவியலாகக் கிடக்க வேண்டியவை, கையில் பிடித்த விசிறிபோல் விரிந்து கிடந்தன. திருப்பினேன். பதின்மூன்றும் வரிசை வரிசையாகச் சேர்ந்திருந்தன. ஒன்றை எடுக்காமலும் போடாமலும் வென்ற கை. ஜோக்கர் தலைகீழாக இடது ஓரத்தில் இருந்தது. ஜோக்கரை அப்படிச் செருகுவது எல்லப்பனின் பழக்கம். அதற்காகவே அவரைக் கேலி செய்வார்கள். சீட்டுகள் ஈரமாகவும் இருந்தன. ஏரிக்காற்றில் சீட்டு ஈரமாவது இயல்பே. இஸ்மாயிலின் சீட்டுகள் உலர்ந்திருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது பட்டப்பகல். பலகையருகே யாரும் செல்லவில்லை. இஸ்மாயில் அப்போது கூறியதை அவர் சொன்னபடியே தருகிறேன்: “இன்னா டீச்சர், இப்பதான் பாக்குறீங்களா? நான் மூணு ஆட்டமா அவன் மூஞ்சியைப் பாக்காம ஆடிகினு இருக்கேன்.” முதல் பரிசை அவர் இன்னும் வாங்கவில்லை.

7. பரிசு கேட்டுச் சென்ற எல்லப்பனின் மனைவி சாமுண்டீஸ்வரியிடம் செயலாளர், “ஆளு வரட்டும், இல்ல உங்கிட்டருந்து வாரிசு சர்டிபிகேட்டு வரட்டும். பலகையா வந்து கையெழுத்துப் போடும்?” என்று பலர் முன்னிலையில் கேட்டுள்ளார். பலகை நீக்கப்பட்டால் இரண்டாமிடம் தமக்கு வரும் என்பதை அவர் குறிப்பிடவில்லை. பின்னர் இரக்கப்பட்டு, ‘காலஞ்சென்ற எல்லப்பனின் மனைவி’ என்று எழுதிய ரசீதில் கைநாட்டு வைத்தால் பணம் தருவதாகச் சொன்னார். அவ்வம்மையார் வைக்கவில்லை. என்னிடம் வந்து, “கடலுக்குப் போன மனுசன் டீச்சர். நாளைக்கு வந்து, இன்னாத்துக்குடி என்னைச் சாவடிச்சேன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?” என்றார். வளையலும் குங்குமமும் இருந்தபடியே இருக்கின்றன. சுற்றத்தார் அவற்றைக் குறித்து முணுமுணுக்கத் தொடங்கிவிட்டனர். அந்த ரசீதில் கைநாட்டு விழுந்தால் முணுமுணுப்பு உரத்த குரலாகும் என்பதை அவர் அறிவார். பரிசை விட்டுக்கொடுத்தாலும், அதை வாங்க ஆள் வரமாட்டார் என்று அவரே ஒப்புக்கொண்டதாகி, இறந்தவர் என்றே பொருள்படும்.

8. எல்லப்பன் உயிரோடிருக்கிறார் என்று நான் நம்பவில்லை. அது என் சொந்தக் கருத்து. என் கருத்தைக் கொண்டு ஒருவரை விதவையாக்க எனக்கு உரிமை இல்லை. செயலாளருக்கும் இல்லை. உடல் கிடைக்காத நிலையில் சட்டமே ஏழாண்டு பொறுக்கிறது.

ஆகவே, தாலுக்கா அனுமதியின் பேரில் புறம்போக்கு நிலத்தில் இயங்கும் அம்மன்றத்துக்குத் தாங்கள் உத்தரவிட்டு, வாரிசுச் சான்று கோராமலும், ‘காலஞ்சென்ற’ என்ற சொல் இல்லாத ரசீதின் பேரிலும், இரண்டாம் பரிசை ‘எல்லப்பன் மனைவி சாமுண்டீஸ்வரி’யிடம் வழங்கச் செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இடம்: பழவேற்காடு
நாள்: 12.12.1978

தங்கள் உண்மையுள்ள,
தா. மார்கரெட்

பின்சேர்க்கை (13.12.1978):

நேற்று தபால் கட்டு போய்விட்டதால் இம்மனு என்னிடமே தங்கியது. இன்று நடந்ததையும் சேர்த்து அனுப்புவதே முறை.

நண்பகலில் திரு மூர்த்தி என்னையும் இஸ்மாயிலையும் மன்றத்துக்கு அழைத்தார். எப்படிப் போட்டாலும் சீட்டு சில வேளை சேர்ந்து விழும் என்று நிரூபிக்கப்போவதாகச் சொன்னார். எல்லப்பனின் பலகை முன் பதின்மூன்று சீட்டுகளைப் போட்டுப் போட்டுத் திருப்பினார். ஒருமுறையும் சேரவில்லை. அவருக்கு எரிச்சல் வந்தது. கடைசியாகப் போட்டதைத் திருப்பாமல் விட்டு மூவரும் எதிர்க்கடையில் தேநீர் குடித்தோம். மன்றத்துக்கு ஒரே வாசல். அது எங்கள் கண்முன் இருந்தது. யாரும் நுழையவில்லை.

“பாய், பொம்பளைங்க பேச்சைக் கேட்டு நீயும் பயப்படுற” என்று சிரித்தபடி செயலாளர் முதலில் எழுந்து தனியே உள்ளே சென்றார். வெளியே வரும்போது சீட்டுகளைக் கட்டோடு கலந்துகொண்டே வந்தார். என்ன பார்த்தார் என்று கேட்டேன். அவர் கட்டை மீண்டும் ஒருமுறை கலந்தார். நான் பார்க்கவில்லை, ஆகவே அதைப் பற்றி நானும் ஒன்றும் சொல்வதற்கில்லை. அங்கேயே நின்று, மேலே நான் கோரியபடி ‘காலஞ்சென்ற’ என்ற சொல் இல்லாமல், தம் கையாலேயே ரசீது எழுதிப் பணத்தையும் என்னிடம் கொடுத்தார்.

மாலையில் சாமுண்டீஸ்வரி ரசீதை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கைநாட்டு வைத்தார். பின் பணத்திலிருந்து ஒரு பகுதியைப் பிரித்து என்னிடமே திருப்பித் தந்தார். “பொங்கலுக்கு மறுபடி ஆடுறாங்களாமே டீச்சர். அவரு பேருக்குக் கட்டிடுங்க.” மறுக்க விதியில் இடமில்லை. கட்டிவிட்டேன்.

எனவே என் கோரிக்கை நிறைவேறிவிட்டது. எனினும் கட்டியவரின் இடம் காலியாவதில்லை என்ற விதியைத் தாங்கள் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும் என்பதற்காக இம்மனுவை அனுப்புகிறேன்.

பொங்கல் கட்டணத்தைக் கட்டியபின், மன்றக் கதவைப் பூட்டுமுன் பலகைகளை ஒதுக்கி அடுக்கினேன். எல்லப்பனுடையது மட்டும் நனைந்திருந்தது. இரண்டு நாட்களாக மழை இல்லை. கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க ஆள் சொல்லியிருக்கிறேன்.

தா. மா.