திங்கட்கிழமையிலிருந்து காய்ச்சல்

‘அன்புள்ள’ என்று தொடங்கிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். உன்மேல் அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் இன்று என்னை எழுத உட்கார வைத்தது அது இல்லை.

காலையில் பீரோ மேலிருந்து அந்த அட்டைப்பெட்டியை இறக்கித் திறந்தேன். போன வருடம் டவுன்ஹால் ரோட்டில் நாம் ஆளுக்கொரு ஜோடி வாங்கினோமே, கடலுக்குள் நடக்கப் போடும் ரப்பர் ஷூ, அது. ஒரு வருடமாக யாரும் திறக்காததால் உள்ளே அடைந்து கிடந்த ரப்பர் வாடை குப்பென்று வந்தது. அடுப்படியிலிருந்து அம்மா, “என்னடி அது, டயர் கடை மாதிரி அடிக்குது?” என்று கேட்டாள். கடைக்காரர் முன்னால் நீ அதை மாட்டிக்கொண்டு வாத்து மாதிரி நடந்து காட்டியது ஞாபகம் வந்து, உடனே கோபமும் வந்தது. இந்த ஒரு வருடமாக உன் ஞாபகம் எனக்கு அப்படித்தான் வருகிறது.

இந்த வருடமும் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. மன்னார் வளைகுடாக் கரையில் அதே கிராமம், அதே ஆய்வு நிலையம், கோடை விடுமுறையில் ஆறு வாரம். கடல்புல் எண்ணும் அதே வேலை. நாளைக் காலை ராமநாதபுரம் பஸ். முழுக்கைச் சட்டை, தொப்பி, நனையாத நோட்டு, டார்ச், மருத்துவச் சான்று என்று அவர்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்துக் கட்டிலில் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருக்கிறேன். “போன வருசமே ஒரு பிள்ளை போயிருச்சு. இந்த வருசம் எதுக்குத்தா?” என்று அத்தா நான்கு முறை கேட்டுவிட்டார். கடல் உன்னைக் கொல்லவில்லை, நீ கடலைப் பார்க்கவே இல்லை என்று அவருக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன்.

நீ பார்த்ததே இல்லை. உங்கள் ஊரிலிருந்து மூன்று மணி நேரத்தில் கடல். இருபத்திரண்டு வயது வரை உன்னை யாரும் கூட்டிப்போனதில்லை. கப்பலூர் தொழிற்பேட்டையில் உன் அப்பாவுக்கு வாரத்துக்கு ஒரு நாள்தான் லீவு, அந்த ஒரு நாளும் காட்டு வேலை இருக்கும். கடலைப் பார்க்காமலே கடல்புல்லின் பெயர்களையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தாய். உங்கள் ஊர்க் கண்மாய் வற்றிக் கிடந்தபோது, பிளாஸ்டிக் குழாயை வெட்டி ஒட்டி ஒரு சதுரச் சட்டம் செய்து, அதைக் காய்ந்த புல்லின்மேல் போட்டு உள்ளே எத்தனை தாள் இருக்கிறது என்று எண்ணப் பழகினோம். ஆடு ஓட்டி வந்தவர் வெகுநேரம் நின்று பார்த்தார்.

“என்னத்தத் தொலைச்சீங்க?”

“தொலைக்கலண்ணே. புல்லு எண்ணுறோம்.”

“வெரசா எண்ணுங்க. ஆடு வந்துரும்.”

அன்று நீ சிரித்த சிரிப்பில் சட்டம் நகர்ந்து, முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.

எனக்கு நீச்சல் தெரியாது. விண்ணப்பத்தில் தெரியும் என்று போட்டிருந்தேன். அதனால் உங்கள் ஊர்த் தோட்டக் கிணற்றுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாய். லாரி டியூபைப் போட்டுக்கொண்டு படியில் நடுங்கி நின்றவளை, “ஒண்ணும் ஆகாதுடீ” என்று முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டாய். ஒன்றும் ஆகவில்லைதான். நான்காம் நாள் டியூப் இல்லாமல் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் போனேன். எதற்கெடுத்தாலும் உன்னிடம் அந்த ஒரு வார்த்தைதான். அதை நான் நம்பத் தொடங்கியது அந்தக் கிணற்றில்தான்.

கிளம்ப வேண்டிய வாரம், திங்கட்கிழமை மத்தியானம், ஹாஸ்டல் அறையில் நீ சுருண்டு படுத்திருந்தாய். வெளியே அனலடிக்க, நீ போர்வை போர்த்தியிருந்தாய். தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். நீ எழுந்து உட்கார்ந்து ஆய்வு நிலையத்திலிருந்து வந்த கடிதத்தை எடுத்துக் காட்டினாய். காய்ச்சலோ தொற்றோ இருப்பவர்களைச் சேர்க்க மாட்டோம், வெள்ளிக்கிழமைக்குள் மருத்துவச் சான்று வராவிட்டால் காத்திருப்பவருக்கு இடம் போய்விடும் என்று அதில் இருந்தது.

“மாத்திரை போட்டா எறங்கிரும். எங்க அம்மாகிட்ட சொல்லிராத. சொன்னா என்னைய விடாது.”

“சொல்லாம எப்படிடீ?”

“சத்தியம் பண்ணு.”

“சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன்.”

நீ என் கையைப் பிடித்து உன் தலையில் வைத்துக்கொண்டாய். “என் மேல பண்ணு” என்றாய். உன் தலை கொதித்தது. அந்தச் சூடு உள்ளங்கையில் ஏற ஏற நான் சத்தியம் செய்தேன். உலகத்தில் இதைவிட முட்டாள்தனமான சத்தியத்தை யாராவது வாங்கியிருப்பார்களா? யாராவது கொடுத்திருப்பார்களா?

புதன்கிழமை, இரண்டு மாத்திரையைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு வந்தாய். தல்லாகுளத்தில் ஒரு மாடிக் கிளினிக். டாக்டர் நம் முகத்தைப் பார்க்கவில்லை. உயரம் கேட்டார், எடை கேட்டார், இரண்டு தாளிலும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். நாற்காலியில் நாம் உட்காரக்கூட இல்லை. படியில் இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாய். அப்போதாவது உன்னைத் திருப்பி மேலே இழுத்துப் போயிருக்க வேண்டும். நீ தாளை என் முகத்துக்கு நேரே ஆட்டினாய். “நல்ல உடல்நலத்துடன் உள்ளார்” என்று வாசித்துக் காட்டினாய். நானும் சிரித்தேன்.

அன்று சாயங்காலம் நீ ஊருக்குப் போனாய். வியாழக்கிழமை காலையில் உன் செய்தி வந்தது: “காய்ச்சல் சுத்தமா விட்டுருச்சு. சொன்னேன்ல.” மத்தியானம் உன் அம்மா எனக்குப் போன் செய்தார்.

“ஏன் ஆத்தா, இவ ஒரு மாதிரி இருக்காளே. சோறு எறங்க மாட்டேங்குது. அங்க ஒடம்புக்கு எதுவும் சரியில்லாம இருந்தாளா?”

“இல்லம்மா. நல்லாத்தான் இருந்தா. பரீட்சை அலுப்பா இருக்கும்.”

இவ்வளவுதான் நான் சொன்னது. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. உன் அம்மா, “சரி ஆத்தா” என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை வயிற்றுவலி, வாந்தி. புதன்கிழமை பஸ் ஏறுமுன் தின்ற பரோட்டா என்று உன் அம்மாவிடம் சொன்னாயாம். சனிக்கிழமை காலையில் குளிக்கப் போனவள் விழுந்தாய். திருமங்கலத்தில் ஒரு நர்சிங் ஹோமில் பார்த்துவிட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று அங்கே கேட்டபோது உன் அம்மா, “காய்ச்சலே இல்ல சார், வாந்திதான்” என்றிருக்கிறார். பாவம், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நாம் பஸ் ஏற வேண்டிய ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அங்கே ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. டெங்கு என்றார்கள். ஒரு இளம் டாக்டர் உன் அப்பாவிடம், “காய்ச்சல் விடுற நேரம்தாங்க இதுல ஆபத்து. அப்பத்தான் கவனிச்சிருக்கணும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பின்னால் நின்றிருந்தேன். உன் செய்தி என் போனில் இருந்தது.

நம் துறையில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். விதி என்றார் ஒரு பேராசிரியர். கொசு கடித்தது விதி என்றால் ஒப்புக்கொள்கிறேன். மற்றதெல்லாம் நாம் செய்தது. நான் வரவில்லை என்று சொல்ல ஆய்வு நிலையத்துக்குப் போன் செய்தபோது, அங்கே பொறுப்பிலிருந்த அம்மையார் விஷயத்தை முழுதாகக் கேட்டார். பிறகு, “காய்ச்சல்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு வாரம் கழிச்சு வரச் சொல்லியிருப்பேனேம்மா. கடல் எங்க போகப் போகுது?” என்றார். கேட்கிறதா உனக்கு? ஒரு வாரம். நீ உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிக்கொள்ள நினைத்த இடம், ஒரு போனில் உனக்காகக் காத்திருந்திருக்கும். இதை நினைக்கும்போதெல்லாம் உன்னை உலுக்க வேண்டும்போல இருக்கிறது. உலுக்க ஆள் இல்லை.

போன வாரம் சான்று வாங்க வேண்டி, வேண்டுமென்றே அதே மாடிக்கு ஏறினேன். அதே மேஜை. உயரம் கேட்டார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“நாடி பாருங்க சார்.”

“நல்லாத்தானேம்மா இருக்கே.”

“போன வருசம் என்கூட ஒருத்தி வந்தா. அவளையும் பார்க்காமத்தான் நல்லா இருக்கான்னு எழுதிக் குடுத்தீங்க. நாலாம் நாள் செத்துப் போனா.”

அவர் பேனாவை வைத்தார். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு உன்னை ஞாபகம் இல்லை என்பது தெரிந்தது. புதன், காய்ச்சல், மாத்திரை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். குரல் உயர்ந்துவிட்டது. வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்:

“பார்க்காதது என் தப்புதான். இல்லைங்கல. ஆனா அந்தப் பொண்ணு சொல்லலையே. கூட வந்தது நீதானே? நீ சொன்னியா?”

அவர் தப்பிப்பதற்காகத்தான் கேட்டார். ஆனாலும் கேட்டது சரி. அதற்குப் பிறகு கையைப் பிடித்து நாடி பார்த்தார், மார்பில் கருவி வைத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். எல்லாவற்றையும் ஒரு வருடம் தாமதமாகச் செய்தார். சான்றை வாங்கிக்கொண்டு கீழே வந்து, வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறாமல் பெரியார் நிலையம் போய் உங்கள் ஊர்ப் பஸ்ஸில் ஏறினேன்.

உன் அம்மா தகரக் கொட்டகை நிழலில் விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். இளைத்துப் போயிருந்தார். “வா ஆத்தா, தண்ணி குடிக்கிறியா?” என்றார். நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது. திங்கட்கிழமையிலிருந்து சொன்னேன். கடலை உடைக்கும் கை நிற்கவில்லை.

“திங்கக்கெழமையில இருந்தா?”

“ஆமாம்மா.”

“நான் போன் பண்ணையில ஒனக்குத் தெரியும்.”

“தெரியும்மா.”

கை அப்போதுதான் நின்றது.

“ஒரு வருசமா இந்த ஊரு என்னையத்தான் கேக்குது. பெத்தவளுக்குப் பிள்ள மேலு சுடுறது தெரியாதான்னு. அவுக அப்பாவும் கேட்டாரு. நானும் அப்படித்தான் நெனச்சேன். புத்தி கெட்டுப் போயி எதையோ பாத்துக்கிட்டு இருந்துட்டேன்னு.”

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார்.

“நீ போ ஆத்தா. இப்ப போயிரு.”

திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம். அவர் முறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பஸ் நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்றேன். உன்னை வாய்விட்டுத் திட்டினேன். உன் அம்மா உன்னைத் தடுத்துவிடுவார் என்று பயந்தாய், சரி. நீ போன பிறகு அந்தப் பழி யார் தலையில் விழும் என்று ஒரு நொடி யோசித்தாயா? நீ யோசிக்கவில்லை. உனக்குத்தான் ஒன்றும் ஆகாதே. நான் யோசித்தேன். யோசித்தும் ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என்மேல் இருக்கும் கோபத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

நேற்று சாயங்காலம் போன் வந்தது. உன் அம்மா.

“என்னைக்குக் கெளம்புற?”

“நாளன்னைக்குக் காலையிலம்மா.”

“அவுக அப்பாகிட்ட சொல்லிட்டேன். பக்கத்து வீட்டுலயும் சொல்லிட்டேன். அவரு ஒங்கூடப் பேச மாட்டாரு. நீ இங்கிட்டு வர வேணாம்.”

“சரிம்மா.”

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அந்தப் பக்கம் எங்கோ பஸ் ஹாரன் கேட்டது.

“அங்க போயி தெனம் சாயந்தரம் எனக்குப் போன் பண்ணு. நல்லாருக்கேன்னு சொல்லாத. அதக் கேக்குறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல. ஒடம்பு எப்படி இருக்கோ, உள்ளபடி சொல்லு.”

மன்னித்துவிட்டார் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் அப்படிச் சொல்லவும் இல்லை. ஒரு வேலை கொடுத்திருக்கிறார். நாற்பத்திரண்டு சாயங்காலம் செய்ய வேண்டிய வேலை. அதற்குப் பிறகும் விடமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

நீ பார்க்க ஆசைப்பட்ட கடலை நாளை மத்தியானம் நான் பார்த்துவிடுவேன். எப்படி இருந்தது என்று உன்னிடம் சொல்ல ஆசையாகத்தான் இருக்கும். சொல்ல மாட்டேன், உன்மேல் அவ்வளவு கோபம் இருக்கிறது. அதைத் தணித்துக்கொள்ளவும் எனக்கு விருப்பமில்லை. அது இருக்கும்வரை எவள் நெற்றியாவது சுட்டால் நான் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டேன். சாயங்காலம் கரைக்கு வந்ததும் முதலில் உன் அம்மாவைக் கூப்பிடுவேன். தலை வலித்தால் தலை வலிக்கிறது என்பேன். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்பேன்.