அழிக்கச் சொன்ன ஹார்ட் டிஸ்க்

ஃபீனிக்ஸ் பே
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு மகள் ராஜகுமாரி வணங்கி எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

போன வாரம் மேனேஜர் ஒரு ஹார்ட் டிஸ்க்கைத் தந்து, “இதிலே குச் நஹீ, ஒண்ணும் இல்லே, அழிச்சு ஃபார்மட் பண்ணிடு” என்றார். எங்கள் கம்பெனிக் கப்பலின் கேமராப் பதிவுகள் உள்ள டிஸ்க். அவருடைய விண்டோஸில் திறக்கவில்லையாம். என் லினக்ஸ் கம்ப்யூட்டரில், படிக்க மட்டும் என்று போட்டதும் திறந்துவிட்டது. ஒரு பதிவில், கப்பலின் மேல்தளத்தில் அங்கே வேலை பார்க்கும் கலாசி அப்ஸல் நிற்கிறான். பின்னால் இரண்டு பேர் வருகிறார்கள். அப்புறம் அந்த இரண்டு பேர் மட்டும்தான் நிற்கிறார்கள்.

அப்ஸல் கமோர்ட்டா தீவில் இறங்கி ஓடிவிட்டான் என்றுதான் ஆபீசில் எழுதியிருக்கிறார்கள். அவன் மனைவி நஜ்மா தினமும் கவுண்டருக்கு வந்து, “ஏதாவது தெரிஞ்சுதா அக்கா?” என்று கேட்கிறாள்.

அந்த டிஸ்க்கை நானே வைத்துக்கொண்டு, அதே மாதிரி ஒரு காலி டிஸ்க்கை மேனேஜரிடம் கொடுத்தேன். “உள்ளே பார்த்தியா?” என்றார். இல்லை என்றேன். சிரித்தார்.

பயப்படாதீர்கள் அப்பா. இந்தக் கடிதத்தோடு ஊருக்கு வரும் சேக் தாவூத் பாய் தரும் பொட்டலத்தில் அந்த டிஸ்க் இருக்கிறது, ஈரம் படாமல் வையுங்கள். அண்ணன் அதைத் தன் கம்ப்யூட்டரில் போட வேண்டாம். ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும், தெரியாமல் அழுத்திவிடுவார். போனில் இதைப் பேசாதீர்கள்.

வெள்ளிக்கிழமை கேமராக்களைச் சரிபார்க்க அதே கப்பலில் என்னை அனுப்புகிறார் மேனேஜர். மாட்டேன் என்றால் சந்தேகப்படுவார். சனிக்கிழமை கப்பல் நம் கட்சால் தீவுக்கு வரும். அம்மாவைக் கருவாட்டுக் குழம்பு வைக்கச் சொல்லுங்கள், அவர் கையால் சாப்பிட்டு எட்டு மாதமாகிறது. அண்ணன் கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிக்கு வரட்டும். நான் இறங்காவிட்டால் டிஸ்க்கோடு நேராகப் போலீசுக்குப் போகட்டும்.

பாய் கிளம்பிவிட்டார்.

ராஜகுமாரி