காலை எட்டு, இரவு ஏழு

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. நீ என் போனை எடுத்துப் பதினோரு மாதமாகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். சின்னவளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. சமையலறைக் குழாய் மட்டும் யார் வந்து பார்த்தாலும் ஒழுகுவதை விடவில்லை.

நேற்று, உன்னை நேரில் வந்து பார்க்கலாமென்று விமான டிக்கெட் போடும் கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண், "ஏழரை மணி நேரம்தான் சார், நேரா போயிடலாம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. "பதினொரு மணி நேரம்மா, எனக்கேவா பாடம்" என்று சொல்லி, நீ முதன்முதலில் போன டிக்கெட்டின் நகலைக் காட்டினேன். ஒன்பது வருடமாகப் பர்ஸிலேயே இருக்கிறது. புறப்பாடு காலை எட்டு, சேருமிடம் இரவு ஏழு.

"சேர்ற நேரம் அந்த ஊர் நேரம் சார். அவங்க நமக்கு மூணரை மணி நேரம் முன்னால" என்று அவள் பொறுமையாகச் சொன்னாள்.

பஸ் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் டைம் கீப்பராக இருந்தவன் நான். வந்த நேரத்தில் கிளம்பிய நேரத்தைக் கழிப்பேன், தாமதித்த டிரைவரைப் பிடித்து உலுக்குவேன். எந்த பஸ்ஸும் வேறு கடிகாரத்தில் போய் நின்றதில்லை. இங்கே விடியும்போது உனக்கு வெயில் ஏறிவிடும் என்பது தெரியும், அதைப் பார்த்துத்தான் போன் செய்வேன். டிக்கெட்டோடு அதைச் சேர்த்துப் பார்க்க ஒரு நாளும் தோன்றவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனால் சறுக்கிய நான் நன்றாகத்தான் இருக்கிறேன், அடியில் அகப்பட்டவர்கள் நீயும் அம்மாவும்.

அம்மாவின் கடைசி நாளன்று காலை ஐந்து மணிக்கு டாக்டர், இன்று தாண்டுவது கஷ்டம் என்றார். "பெரியவளைக் கூப்பிடுங்க, வந்துடுவா" என்றாள் அம்மா. நான் மனதுக்குள் அந்தப் பதினொரு மணி நேரத்தைக் கூட்டிப் பார்த்து, முடியாது என்றேன். நீ வழியெல்லாம் அழுதுகொண்டு வந்து வெறும் உடம்பைப் பார்க்க வேண்டாமென்று, எல்லாம் முடிந்த பிறகே உனக்குச் சொன்னேன். "சொல்லியிருந்தா வந்திருப்பேன்பா" என்று மூன்று முறை சொன்னாய். கணக்குத் தெரியாமல் பேசாதே என்று அதட்டினேன்.

டிக்கெட் கடைப் பெண்ணிடம் அன்றைய விமானங்களையும் பார்க்கச் சொன்னேன். நம் நேரம் காலை ஒன்பதுக்கு உன் ஊரில் ஒன்று கிளம்பியிருக்கிறது. வரும்போது எதிர்காற்றாம், அரை மணி கூடுதல். மாலை ஐந்துக்கு இறங்கி, ஆறுக்குள் மருத்துவமனைக்கு வந்திருப்பாய்.

அம்மா போனது ஏழு பத்துக்கு. அதுவரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று வருகிறதென்று நான் எழுந்து சாத்தப் போனேன். "சாத்தாதீங்க, அவ வருவா" என்றாள். நான் சாத்திவிட்டேன்.

டிக்கெட் இன்னும் போடவில்லை. வா என்று நீ சொல்லாமல் வர எனக்குத் தைரியமில்லை. இந்த முறை போன் அடித்தால் எடும்மா. வாய்க்கு வந்தபடி திட்டு, கேட்டுக்கொள்கிறேன். திட்டுவதற்காகவாவது ஒரு தடவை அப்பா என்று கூப்பிடு.

நீயும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும்.

உன்
அப்பா