உது என்றொரு சொல்

இன்று காலை எங்கள் ஹெட்செற்றுக்குப் புதிய மென்பொருள் வந்திருந்தது. மாற்றங்களின் பட்டியலைத் தேநீரோடு மேலோட்டமாகப் பார்த்துக்கொண்டு போனேன். நடுவில் என் பெயர், பக்கத்தில் உன் பெயர். தேநீரைக் கீழே வைத்தேன். நீ போய் ஏழு மாதம். காய்ச்சலென்று உன் ஊரான சாவகச்சேரிக்குப் போன உன்னை நாலாம் நாள் இல்லையென்றார்கள்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நாங்கள் ஒன்றாகத் தங்கிய இந்த அறைக்கு ஹெட்செற் பெட்டி வந்த நாளில், மெய்நிகர் உலகைக் காட்டும் அந்தக் கண்ணாடியின் வில்லை, கமெரா, பட்டி எல்லாவற்றையும் கழற்றிப் பாயில் பரப்பினாய். செயலி எழுதுவோர் கழற்றிப் பூட்டவென்றே செய்தது. மூலநிரலும் திறந்தே கிடந்தது. யாரும் திருத்தி அனுப்பலாம். "இனி இது எங்கடை சாமான்," என்றாய்.

இருவர் ஒரே மெய்நிகர் அறையில் இருந்து, பேச்சாலேயே பொருளைச் சுட்டும் வசதியை எழுதினோம். என்னருகில் உள்ளது இது, தூரத்தில் உள்ளது அது. எதிரே இருப்பவரின் அருகில் உள்ளதற்கு, எங்கள் ஊர்ப் பேச்சில் உள்ள உது, உந்த என்பதை நீ மூன்றாவதாகச் சேர்த்தாய். நான் அழித்துவிட்டேன்.

"உலகம் முழுக்கப் பாவிக்கப்போற சாமான். உதுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு திரியேலாது," என்றேன்.

"எடி, இப்ப நீயே உது எண்டுதானே சொன்னனீ," என்று சிரித்தாய்.

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. இரண்டு கிழமை, பதினாலு நாளும், உன்னோடு கதைக்கவில்லை. ஊருக்குப் புறப்பட்டபோது "போட்டு வாறன்" என்றாய். நான் திரையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. மனக்கசப்போடுதான் போனாய் என்று இத்தனை மாதமும் நம்பியிருந்தேன்.

இன்று பட்டியலில் பார்த்தால், நான் அழித்ததைத் திரும்ப எழுதி அனுப்பியிருக்கிறாய், புறப்படுவதற்கு முதல் நாள்; இப்போதுதான் அதைச் சேர்த்திருக்கிறார்கள். கீழே ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு: இந்தச் சொல் வேண்டாம் என்று சொல்லும்போதும் என் தோழி இதைத்தான் பாவித்தாள், ஆகவே இது வேண்டும். நான் முகம் கொடுக்காத நாள்களிலா இதைச் செய்தாய்? வெட்கமாக இருக்கிறது. மன்னிப்புக் கேட்க நீ இல்லை.

அந்தக் குறிப்புக்குக் கீழே யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர், உது என்றால் எத்தனை அடி தூரம் என்று கேட்டிருந்தார். மத்தியானம்தான் என்னால் பதில் எழுத முடிந்தது: அது தூரக் கணக்கு அல்ல, கேட்டுக்கொண்டிருப்பவரின் பக்கம்.

எதிரே உன் கட்டில் விரித்தபடியே கிடக்கிறது. எனக்கு இன்னும் அது உந்தக் கட்டில்தான். அந்தக் கட்டில் என்று சொல்ல வாய் வரவில்லை.