ஒன்பதாம் மாதத்துப் பொரி உருண்டை

என் கடைக்குட்டித் தங்கச்சி பாவாயிக்கு,

நாலாம் வகுப்போடு நின்ற உன் அண்ணன் எழுதுகிறேன். தப்பு இருந்தால் சிரித்துக்கொள். நீ ஐந்தாவது வரை போனவள், அந்தத் திமிர் உனக்கு எப்போதும் உண்டு. நீ போய் நாலு மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறேன். பஸ் வந்தால் ஏறுகிறேன்.

உன் மகள் சுமதி நன்றாக இருக்கிறாள். பத்து வயசாகியும் பேச்சு இல்லை. உன் மாமியார் தலை வாரினால் கத்துகிறாள், நான் வாரினால் சும்மா இருக்கிறாள். கோணல் வகிடு பிடித்திருக்கிறது போல.

போன வாரம் நானும் உன் வீட்டுக்கார மாப்பிள்ளையும் அவளைச் சேலத்துக்குக் கூட்டிப் போனோம். மெட்ராசிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். இவளைப் போன்ற பிள்ளைகளின் ரத்தத்தையும் மூத்திரத்தையும் சின்னப் புட்டிகளில் எடுத்துக்கொண்டார். ஆட்டிசம் என்று பெயர் சொன்னார்.

"இதுல தெரிஞ்சிருமுங்களா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லைங்க ஐயா. ஏதாவது அடையாளம் இருக்குதான்னு தேடிட்டு இருக்கோம். கிடைச்சா கைக்குழந்தையிலயே கண்டுபிடிச்சிடலாம். சரி, இவளுக்கு எப்ப முதல்ல கவனிச்சீங்க?"

உன் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "ரெண்டு வயசுலீங்க. பம்புசெட்டுத் தொட்டிக்கிட்ட இவங்கம்மா இடுப்புல இருந்து நழுவ உட்டுட்டா. நெத்தியில நாலு தையலு. அப்பப் புடிச்சுத்தானுங்க இப்படி."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். நீ செத்தும் பிள்ளையைக் கீழே போட்டுக்கொண்டே இருக்கிறாய், பாவாயி.

நம் வீட்டுக் குழந்தைகள் எல்லாவற்றையும் நான் பொரி உருண்டை காட்டி ஏமாற்றுவேனே, ஞாபகம் இருக்கிறதா? நீட்டுவேன், இழுத்துக்கொள்வேன். மூன்றாம் தடவைக்குள் எல்லாப் பிள்ளையும் உருண்டையை விட்டுவிட்டு என் மூஞ்சியைப் பார்க்கும், இந்தக் கிழவனுக்கு என்ன கேடு என்று. நீயும் அப்படித்தான் பார்த்தாய். சுமதிக்கு ஒன்பது மாதத்தில் காட்டினேன். பத்துத் தடவை இழுத்தேன். என் கையை மட்டுமே பார்த்தாள்.

"ஏனுங்ணா, புள்ள மூஞ்சியவே பாக்க மாட்டீங்குது?" என்று நீ கேட்டாய்.

"கலெக்டரம்மா சாமி இவ. மனு குடுத்தாத்தான் பாப்பா" என்றேன். நீ சிரித்தாய். எனக்குள் சிரிப்பு இல்லை.

அப்புறம் அவள் விழுந்தாள். ஊரே உன்னைச் சொன்னது. பிறந்ததிலிருந்தே இப்படி என்று நான் வாயைத் திறந்திருந்தால், குடும்பத்து ரத்தம் என்றிருப்பார்கள். அந்தத் தையில் என் மூத்த மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. உன் கை நழுவியது எனக்கு வசதியாகப் போயிற்று. எட்டு வருஷம் நீ அந்தத் தொட்டிப் பக்கமே போகவில்லை. கடைசியில் காமாலையில் படுத்திருந்தபோதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் நல்லாப் புடிச்சிருக்கோணுங்ணா" என்றுதான் சொன்னாய். அப்போதும் நான் சும்மா இருந்தேனே, ஏன்?

அன்றைக்குச் சேலத்தில்தான் வாயைத் திறந்தேன். "ரெண்டு வயசு இல்லீங்க. ஒம்போது மாசமுங்க" என்றேன்.

டாக்டரம்மா நிமிர்ந்தார். "எப்படித் தெரியும்?"

மடியில் முடிந்திருந்த உருண்டையை எடுத்து அவருக்கே நீட்டினேன், இழுத்தேன். இரண்டாம் தடவையே என் மூஞ்சியைப் பார்த்துவிட்டார்.

"நீங்க பாசுங்க. இவ ஒம்போது மாசத்துல பத்துத் தடவ இழுத்தும் என் மூஞ்சியப் பாக்குலீங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். "விழுந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க" என்று மாப்பிள்ளையிடம் சொன்னார்.

திரும்பி வரும்போது சங்ககிரி வரைக்கும் மாப்பிள்ளை சுமதியின் நெற்றித் தழும்பைப் பார்த்துக்கொண்டே வந்தார். அப்புறம், "ஏனுங் மச்சான், இத்தன வருசம் ஏனுங்க சொல்லுல?" என்றார். அவர் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் இரண்டு மகள்களும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். அதனால்தான் இப்போது வாய் வந்தது என்று நீ சொல்வாய். சொல்லு. அதுவும் உண்மைதான்.

வருகிற அமாவாசைக்கு உனக்குப் படைக்க எல்லோரும் வருகிறார்கள். இலை போடுவதற்கு முன்னால் உன் மாமியார் எதிரில், பங்காளிகள் எதிரில், பாவாயி பிள்ளையைக் கெடுக்கவில்லை என்று சொல்வேன். கேலி செய்யாமல் சொல்வேன். நம்பாவிட்டால் மறுபடி சொல்வேன்.

சுமதிக்குத் தினம் ஓர் உருண்டை கொடுக்கிறேன். என் கையைத்தான் பார்க்கிறாள். நான் இப்போது கையை இழுப்பதில்லை.

உன்னைச் சிரிக்க வைத்தே ஏமாற்றிய
உன் அண்ணன்