கோழிக்குஞ்சுக்குச் செருப்பு

மார்ச் 4, புதன்

கீழ்வீட்டு மேதை கோழி வளர்க்கப் போகிறாராம். மேதை என்றால் என் சகலை, என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு எட்டு மாதம் செல்போனில் வீடியோ பார்த்தே பட்டம் வாங்கியவன். இன்று காலை நூற்றிருபது குஞ்சுகள் வந்து இறங்கின. எல்லாம் ஒரு நாள் குஞ்சுகள், தரம் பிரிக்காதவை. எவனோ நன்றாகத் தலையில் கட்டியிருக்கிறான்.

மரியாதைக்கு ஒரு நடை போய்ப் பார்த்தேன். பின்னறையில் வழவழவென்று டைல்ஸ் தரை. அதன்மேல் பழைய காலண்டர் தாள்களைப் பளபளப்பான பக்கம் மேலே இருக்கும்படி ஒட்டி வைத்திருக்கிறான். துடைக்கச் சுலபமாம்! குஞ்சுகள் எழுந்து நிற்கப் பார்க்கின்றன, வழுக்கி விழுகின்றன, மறுபடி எழுகின்றன. ஒன்பது குஞ்சுகளுக்குக் கால்விரல் வளைந்திருந்தது. வாசலில் நின்றபடியே எண்ணிவிட்டேன். பதினெட்டு வருடமாக ஹேச்சரியில், முட்டை பொரிக்கிற பண்ணையில், குஞ்சு தரம் பிரிக்கிறவன் நான். உள்ளங்கையில் மல்லாத்தி கண், தொப்புள், கால், விரல் பார்க்க மூன்று விநாடி போதும். தேறினால் வலது பக்கம் பெட்டி, தேறாவிட்டால் இடது பக்கம் கழிவுத் தொட்டி.

சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அவன் கேட்டானா? கேட்காத இடத்தில் போய்ச் சொன்னால் என்ன மதிப்பு? சிரித்துவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

இன்றும் கேட்கவில்லை. நல்லது.

மார்ச் 7, சனி

பதினான்கு குஞ்சுகளுக்குக் கால் இரண்டும் ஆளுக்கொரு பக்கமாக விரிந்து, எழுந்திருக்க முடியாமல் வயிற்றால் தேய்த்துக்கொண்டு கிடக்கின்றனவாம். மேதை உடனே பெரிய பல்பாக மாற்றிவிட்டான். சூடு பத்தவில்லை என்று கண்டுபிடித்திருக்கிறான். வழுக்கி விழுந்தவனுக்குப் போர்வை போர்த்துகிற வைத்தியம். இவனெல்லாம் ஆபீஸில் என்னத்தைக் கிழித்தான் என்று இப்போது புரிகிறது.

மாலையில் கொழுந்தியா ஒரு குஞ்சை ஏந்திக்கொண்டு மாடிக்கு வந்தாள். விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டு, அது கணுக்காலில் நடக்கப் பார்த்தது. இதற்கு என்ன செய்வது அத்தான் என்று கேட்டாள். வாங்கி மல்லாத்தினேன். கை அதுபாட்டுக்கு இடது பக்கம் போனது. அங்கே தொட்டி இல்லை, சாப்பாட்டு மேசைதான் இருந்தது.

"தேறாதும்மா. தூக்கிப் போட்டுடு."

அவள் குஞ்சைத் திரும்ப வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். கேட்க வேண்டியவன் அவனல்லவா? பெண்டாட்டியை அனுப்புகிறான்.

மார்ச் 8, ஞாயிறு

காபி டம்ளரை வைத்துவிட்டு மனைவி நின்றுகொண்டே இருந்தாள்.

"இதெல்லாம் முதல் நாளே உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். பொய் சொல்லியிருக்கலாமோ? ஆனால் அதில் எனக்கு ஒரு பெருமை இருந்ததே.

"வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு தரையில் என்ன கோளாறு என்று என்னிடமிருந்து பிடுங்காத குறையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கீழே போய்க் காலண்டர் தாளையெல்லாம் கிழித்துப் போட்டுச் சாக்கு விரித்துவிட்டு வந்தாள். வளைந்த விரலை எப்படி நிமிர்த்துவது என்று வந்து காட்டச் சொன்னாள். இந்தக் குஞ்சுகளும் போய்விட்டால் தன் தங்கை புருஷன் விட்ட வேலைக்கே போய்க் கெஞ்சி நிற்க வேண்டும், அதற்குப் பிறகு அவன் நிமிரவே மாட்டான் என்றாள். எனக்கு முட்டி வலிக்கிறது, படி இறங்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

முட்டி வலியெல்லாம் ஒன்றுமில்லை. எனக்குத் தெரியாது. அதுதான் விஷயம்.

வளைந்த விரலை எப்படி நிமிர்த்துவது? பதினெட்டு வருடத்தில் ஒரு விரலையாவது நிமிர்த்திப் பார்த்திருக்கிறேனா? கண்ணில் பட்டதும் தொட்டிதான். அதற்குப் பிறகு அது என்ன ஆனது என்று யார் பார்த்தார்கள்? பெரிய நிபுணனாம், வந்துட்டாரு. தூக்கிப் போடத்தானேடா தெரியும் உனக்கு —

சரி, எனக்கே தெரியாதபோது அந்தக் கோமாளிக்கு மட்டும் தெரிந்துவிடுமா?

மார்ச் 10, செவ்வாய்

செருப்பு செய்கிறான்! கோழிக்குஞ்சுக்கு! கல்யாணப் பத்திரிகை அட்டையைப் பாதம் அளவுக்கு வெட்டி, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதன்மேல் வைத்து, பிளாஸ்திரி ஒட்டுகிறானாம். கால் விரிந்தவற்றுக்கு இரண்டு காலையும் சின்ன இடைவெளி விட்டுச் சேர்த்து ஒட்டுகிறான். தண்ணீரில் ஏதோ சத்து மருந்து வேறு. நாளைக்குச் சாக்ஸ் பின்னுவான், மறுநாள் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பான். ஹேச்சரியில் சொன்னேன், மேசை மேசையாகச் சிரித்தார்கள்.

இதுவரை ஏழு செத்துவிட்டன. என் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு மனைவி பகலெல்லாம் கீழேயே இருக்கிறாள். பிளாஸ்திரி கிழித்துக் கொடுக்கிற உத்தியோகம்.

மார்ச் 13, வெள்ளி

மனைவியைத் தேடுகிற சாக்கில் கீழே போனேன். பிளாஸ்திரியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கட்டுப் போட்டதில் பதினொன்று சாக்கின்மேல் நேராக நடக்கின்றன. நானே பார்த்தேன். கொழுந்தியா மாடிக்குக் கொண்டு வந்ததும் அதில் இருக்கிறது. அவள் காட்டவில்லை, நானாகத்தான் அடையாளம் கண்டுகொண்டேன். நான்கு இன்னும் நொண்டுகின்றன. இன்னும் சீக்கிரம் கட்டியிருந்தால் அவையும் நேராகியிருக்கும் என்று மனைவி சொன்னாள், என்னைப் பார்க்காமல்.

சகலை தலையை நிமிர்த்தாமல் அட்டை வெட்டிக்கொண்டே பேசினான்.

"முதல் நாள் நீங்க வாசல்ல நின்னு சிரிச்சதப் பாத்தேன் அண்ணே. ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு அப்பவே புரிஞ்சுது. அந்தச் சிரிப்புக்கு அப்புறம் கேக்க வாய் வரல."

கோபமே இல்லை அவன் குரலில். திட்டியிருந்தால் பத்து மடங்கு திருப்பித் தந்திருப்பேன். வாசலிலேயே நின்றேன். ஒரு வார்த்தை, காலண்டர் தாளை எடு என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல எனக்கு என்ன கேடு? ஏழு குஞ்சு.

இதைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு குஞ்சை நீட்டினான். உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன். அட்டையைக் கோணலாகத்தான் வெட்டுகிறான், அதைச் சொன்னேன். சரி அண்ணே என்று வேறொன்று வெட்டினான்.

மார்ச் 16, திங்கள்

ஹேச்சரியில் இன்று ஒரு குஞ்சை மல்லாத்தியதும் கை நின்றுவிட்டது. மூன்று விநாடி தாண்டிவிட்டது. பக்கத்து மேசைக்காரி என்ன என்று கேட்டாள்.

"இதக் கட்டி வச்சா மூணு நாள்ல நிமிந்துடும்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

பெல்ட் எனக்காக நிற்குமா? அடுத்த குஞ்சுகள் வந்து குவிந்துகொண்டிருந்தன. தொட்டியில் போட்டுவிட்டேன். பதினெட்டு வருடத்தில் எத்தனை போட்டிருப்பேன், ஒன்றுகூட நினைவில் இல்லை. இது மட்டும் வீடு வந்த பிறகும் போகவில்லை. வலது கால், நடுவிரல், நகத்துக்குக் கீழே லேசான வளைவு. அவ்வளவுதான் அதற்குக் குறை.