மூட்டா, முட்டியா, மொழியா

மார்ச் 4, செவ்வாய்

இன்று பட்டறையில் என் மானம் தையல் பிரிந்தது.

மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கான கையுறை. கையை மடக்கினால் மேலே புடைக்கிற இடத்தில் ஒரு பஞ்சுப் பட்டை வர வேண்டும். விழுந்தாலும் விரல் தப்பும். செய்முறைத் தாள் எழுதுவது என் வேலை. "விரல் மூட்டின் மேல் பட்டை வைத்துத் தைக்கவும்" என்று எழுதினேன். தெளிவாகத்தானே இருக்கிறது?

அவர்களுக்கும் தெளிவாகத்தான் இருந்திருக்கிறது. தையல் பிரிவில் மூட்டு என்றால் இரண்டு ஓரம் சேர்கிற இடம். காலை முதல் மாலை வரை அவர்கள் மூட்டுவது அதைத்தான். ஆகவே விரலுக்கும் விரலுக்கும் நடுவே ஓடுகிற தையலின் மேல் பட்டையை வைத்து, பிசிறில்லாமல், ஒரு மூட்டை நிறையத் தைத்துத் தள்ளிவிட்டார்கள். போட்டுப் பார்த்தேன். அசல் வாத்துக்கால்.

முதலாளியம்மா திட்டவே இல்லை. மூட்டையை மட்டும் என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 5, புதன்

சாப்பாட்டு நேரத்தில் பெரிய விவாதம்.

"முட்டின்னு எழுதித் தொலைக்க வேண்டியதுதானே?" என்றார் பெரிய தையல்காரம்மா.

"முட்டின்னா முழங்காலுக்கா. கையுறைல முழங்காலுக்கு என்ன வேலை?" என்றாள் பொத்தான் வைக்கிறவள்.

கணு என்று எழுதலாமா என்றேன். "அது மூங்கிலுக்கு."

வெட்டுக்காரர் ஜன்னலோரம் நின்று விரல்களை ஒவ்வொன்றாக முறித்துக்கொண்டிருந்தார். ஆள் தனிக்கட்டை. பட்டறையில் அவருக்குப் பெயரே சொடக்குதான். தோல் வெட்ட அவரை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு அவருக்கு. அந்தச் சத்தத்தில் எனக்குப் பல் கூசும்.

"எங்க வீட்ல மொழின்னு சொல்வோம்" என்றார்.

கொல்லென்று சிரிப்பு. "விரலு என்ன மொழி பேசும்?" நானும் சிரித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினால், இருக்கிறது! மொழி — பேச்சு. மொழி — உடம்பின் பொருத்து, கணு. ஒரே சொல்லா, ஒரே சட்டை போட்ட இரண்டு சொற்களா, தெரியவில்லை. முட்டுவதால் முட்டி, மூட்டுவதால் மூட்டு என்று நானாக ஒரு ஆராய்ச்சி செய்து மகளிடம் சொன்னேன்.

"அம்மா, உன் வேலை போனா இதை வச்சு என்ன பண்ணுவ?" என்றாள். வீட்டில் நானும் அவளும்தான். பதினைந்து வயது. வாய் மட்டும் நாற்பது.

மார்ச் 7, வெள்ளி

முதலாளியம்மா வாயைத் திறந்தார். "எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி தைங்க. இன்னொரு தடவை இப்படி ஆச்சு, நான் வேற ஆளைப் பாத்துக்குவேன்."

இனிச் சொல்லை நம்ப மாட்டேன். கையின் படம் வரைந்து, அளவோடு ஒட்டிவிடப் போகிறேன். மாதிரிக் கை எப்போதும் சொடக்கினுடையதுதான். அளவு கேட்கப் போனேன். போன கையோடு, அன்று சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டேன்.

"பரவாயில்லைங்க. என் மொழி யாருக்குத்தான் புரிஞ்சிருக்கு?"

பகடியா? முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

நடுவிரலை அளக்கிறேன், அளக்கிறேன், பழைய அளவோடு ஒத்துவரவே இல்லை. நாடாவை மறுபடி சுற்றினேன். அவர் மெல்லக் கையை இழுத்துக்கொண்டார்.

"மொழி வீங்கியிருக்கு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

காலையில் கத்தரிக்கோலை மூடவே முடியவில்லையாம். அந்தச் சொடக்கு கெத்துக்காக அல்ல. விரல் இளகுமா என்று பார்க்கிறாராம். எத்தனை வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த மனிதரைத் திட்டியிருக்கிறேன்!

மார்ச் 14, வெள்ளி

நான் ஏன் வீட்டுக்கு வந்தும் அந்த விரலையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்?

மார்ச் 20, வியாழன்

"வலிக்கலன்னு சொன்னா வலி போயிடுமா? கிளம்புங்க" என்று ஒரு அதட்டு போட்டு மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். பதிவு மேசையில் இருந்த பெண், "நீங்க அவருக்கு என்ன உறவு?" என்று கேட்டாள். நான் கைப்பையில் பேனாவைத் தேடினேன்.

"கூட வேலை பாக்குறவங்க" என்றார் அவர். பிறகு கூரையைப் பார்த்தபடி, "இப்போதைக்கு."

இப்போதைக்கா?!

உள்ளே போனதும் சிரிப்பு ஓய்ந்தது. மூட்டுவாதம் என்றார் டாக்டர். இனிமேல் கத்தரிக்கோலைத் தொடக் கூடாதாம். திரும்பும்போது பேருந்தில் ஒரே ஒரு வார்த்தை பேசினார். "வெட்டுறத விட்டுட்டா அப்புறம் நான் யாருங்க?"

சொற்பொருள் ஆராய்ச்சிக்காரிக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

முதலாளியம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவரை வெளியே அனுப்பாதீர்கள், வேறு வேலை கொடுங்கள் என்றேன்.

"இதென்ன, அவருக்கு வக்காலத்தா?"

"ஆமாங்க."

கணக்குப் புத்தகத்தை மூடி வைத்தார். "அச்சு வச்சு அழுத்தித் தோலை வெட்டுற மெஷின் வாங்கலாம்னு இருக்கேன். தோல்ல எங்க தழும்பு, எங்க இழுக்கும்னு பாத்து அச்சை வைக்க ஆள் வேணும். அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தள்ளிப் போட்டேன். கோவிச்சுக்குவாரேன்னு."

ஆக, இந்தப் பட்டறையில் எல்லாருக்கும் வாயிலேதான் வீக்கம்.

ஏப்ரல் 4, வெள்ளி

கோவிச்சுக்கிட்டாரு. முதலாளியம்மா மேல இல்ல, என் மேல. "என் கையைப் பத்தி என்னைக் கேக்காம எப்படிப் பேசுனீங்க? சொல்லாதீங்கன்னு சொன்னேன்ல?" — அத்தனை பேர் முன்னாடி. சொன்னாருதான். நான் செஞ்சது தப்புதான். ஆனா நல்லதுக்குத்தானே? நல்லதுன்னா கேக்க வேண்டாமா? எனக்கு யாராவது இப்படிப் பண்ணியிருந்தா விட்டிருப்பேனா? மாட்டேன். சாப்பாடு இறங்கல. மகள் ஒண்ணும் கேக்காம என் தட்டை எடுத்துக் கழுவி வச்சா.

ஏப்ரல் 9, புதன்

மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினார். அது ஆமாவா, இல்லையா?

ஏப்ரல் 19, சனி

மெஷின் வந்து இறங்கியது. பட்டறையே வேடிக்கை பார்க்க, அவர் தோலைத் தடவித் தடவி அச்சுகளை இப்படியும் அப்படியுமாக நகர்த்தினார். முதல் தோலில் வீணானது ஒரு பிடி துண்டுகூட இல்லை. பெரிய தையல்காரம்மா கை தட்டினார்.

மாலையில் வாசலில் எனக்காக நின்றார்.

"நீங்க சொல்லலைன்னா நான் சொல்லியிருக்கவே மாட்டேன். ஆனாலும் கேட்டுட்டுச் சொல்லியிருக்கணும்."

"இனிமே கேக்குறேன்."

"இனிமேன்னா? எவ்வளவு நாளைக்கு?"

இந்த முறை முகத்தில் சுருக்கம் அசைந்தது. பேருந்து நிறுத்தம் வரை நடந்தோம். பேருந்தை விட்டுவிட்டு அடுத்த நிறுத்தம் வரையும்.

ஜூன் 15, ஞாயிறு

ஞாயிறானால் அவருக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. இன்று ஊறுகாய் ஜாடி மூடி திறக்கவில்லை. அவருக்கு விரல் மடங்கவில்லை, எனக்குப் பலம் போதவில்லை. துணியைச் சுற்றிப் பார்த்தோம், வெந்நீர் ஊற்றிப் பார்த்தோம், ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திருகியும் பார்த்தோம். மகள் வந்து, வாங்கி, ஒரே திருகு.

"ரெண்டு பேரையும் சேத்தாக்கூட ஒரு முழுக் கை தேறாது போலிருக்கே."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் உள்ளே போய், என் அலமாரியின் மேல்தட்டிலிருந்த புடவைகளை வாரி என் கட்டிலில் போட்டுவிட்டு, அங்கிருந்தே கத்தினாள்:

"அம்மா, அவரோட சட்டையெல்லாம் மடிச்சு வைக்கவா, மாட்டணுமா? கேட்டுச் சொல்லு."